காது சார் கேட்ட விசில்

கம்பெனியில் அவருக்குக் காது சார் என்று பெயர். சொந்தப் பெயர் சம்பளப் பட்டுவாடாவுக்கு மட்டும் பயன்பட்டுக்கொண்டிருந்தது.

அந்தக் கார் கம்பெனி தயாரிக்கிற எந்த வண்டியாக இருந்தாலும் கடைசியில் அவர் காது வழியாகத்தான் வெளியே போயாக வேண்டும். மற்ற கம்பெனிகளில் இந்த வேலைக்கு நாலு மைக்கும் ஒரு கணினியும் போதும். இங்கே அப்படியில்லை. வண்டி தயாரானதும் காது சார் முன் இருக்கையில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்வார். சோதனைத் தடத்தை ஒரு சுற்று சுற்றி வந்து நிறுத்தினால் கண்ணைத் திறந்து ‘சரி’ என்பார், இல்லாவிட்டால் ‘இல்லை’ என்பார். இல்லை என்றால் வண்டி மூட்டை கட்டிக்கொண்டு வந்த வழியே திரும்ப வேண்டியதுதான். ஏன் என்று கேட்கிற வழக்கம் கிடையாது. ஒருமுறை யாரோ கேட்டதற்கு, இடது கதவுக்குள் ஒரு வாஷர் தளர்ந்திருக்கிறது என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னார். கதவைப் பிரித்தார்கள். வாஷர் தளர்ந்துதான் இருந்தது. அன்றோடு கேள்வி கேட்கிற வாய்களெல்லாம் மூடிக்கொண்டன.

அவர் போட்ட சட்டம் ஒன்று உண்டு. சத்தங்களைக் கோடு கோடாக வரைந்து காட்டுகிற கணினித் திரையை, அவர் கேட்டுக்கொண்டிருக்கும்போது யாரும் பார்க்கக் கூடாது. கண்ணால் பார்த்துவிட்டால் காது வேலை செய்யாமல் ஏமாற்றும் என்பது அவர் வாதம். வாதத்தோடு நிற்காமல் ஒரு வெள்ளைத் துண்டை எடுத்துத் திரைமேல் போர்த்தியும் விடுவார். துண்டு விழுந்துவிட்டால் அந்தக் காரில் இருப்பவர்களுக்கு மூச்சு விடவே பயம். இளவட்டப் பொறியாளர்கள் அந்தத் துண்டைப் பற்றி வீட்டில் போய்க் கதை சொல்வார்கள்.

இதில் ஒரே ஒரு சங்கடம். காது சாருக்குக் காது போய்க்கொண்டிருந்தது.

அடியோடு போகவில்லை. எஞ்சின் உறுமல், டயர் உரசுவது, ஜன்னலில் காற்று இரைவது எல்லாம் கணீரென்று கேட்கும். மெல்லிசான, கூரான சத்தங்கள் மட்டும் ஒவ்வொன்றாகச் சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிவிட்டன. முதலில் கைக்கடிகாரத்தின் அலாரம் போயிற்று. அப்புறம் வேலை முடிந்ததும் வாஷிங் மெஷின் போடுகிற கீச்சுச் சத்தம். பிறகு பெண்கள் பேச்சில் பாதி. வாலிபத்திலிருந்து எஞ்சினுக்குள் தலையை விட்டுக்கொண்டே இருந்த மனிதருக்கு அது கொடுத்த பரிசு அவ்வளவுதான். நகரத்தின் மறுகோடியில், தெரிந்தவர்கள் யாரும் வரமாட்டார்கள் என்று நம்பி ஒரு டாக்டரிடம் போனார். டாக்டர் ஹெட்போனை மாட்டிப் பார்த்துவிட்டு, மேல் ஸ்தாயியில் ஒன்றுமே மிச்சமில்லை, காதுக்கு மெஷின் வைத்துக்கொள்ளுங்கள் என்றார். காது சார் நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தவர்தான். அப்புறம் அந்தத் தெருப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

மெஷின் வைத்த காதை யார் நம்புவார்கள்? மரியாதையாக உதிரிபாகக் கிடங்குக்கு மாற்றிவிடுவார்கள். சம்பளம் குறையாது, நாற்காலி இன்னும் பெரிசாகக்கூடக் கிடைக்கும். ஆனால் காது சார் என்று ஒருவரும் கூப்பிடமாட்டார்கள். அந்தப் பெயரைக் கழற்றிவிட்டால் தனக்குள் வேறு என்ன இருக்கிறது என்று அவருக்கே தெரியவில்லை.

ஆகவே சமாளித்தார். கம்பெனி வருஷம் தவறாமல் நடத்துகிற காதுப் பரிசோதனையில், சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்த வேண்டும். பரிசோதிக்கிறவர் சத்தத்தை விடும் ஒவ்வொரு முறையும் அவருடைய வலது தோள் லேசாக ஏறி இறங்குவதைக் காது சார் கண்டுபிடித்து வைத்திருந்தார். தோளைப் பார்த்துப் பொத்தானை அழுத்தினார். இந்த வயதில் இப்படி ஒரு காதா என்று அந்த ஆள் கைகுலுக்கினார். மற்ற நேரங்களில், யாராவது பேசிப் புரியாவிட்டால் யோசிப்பதுபோல் முகத்தை வைத்துக்கொண்டு தலையாட்டுவார். பெரிய மனிதர்கள் தலையாட்டினால் அதற்கு அர்த்தம் கண்டுபிடிப்பது கேட்டவர்களின் பொறுப்பு.

இந்த நிலைமையில்தான் அந்தச் சின்னக் கார் வந்து சேர்ந்தது.

இரண்டே கதவு. தரையோடு தரையாகக் குனிந்த உடம்பு. முன்னால் இரண்டு பேர் தாராளமாக உட்காரலாம். பின் இருக்கை என்று ஒன்றைப் பேருக்கு வைத்திருந்தார்கள், அதில் ஒரு கைப்பை சௌகரியமாகப் பயணம் செய்யும். கம்பெனியின் இயக்குநருக்கு இந்த வண்டி வாழ்நாள் கனவு. ஓய்வு பெறுவதற்குள் ஒரு ஸ்போர்ட்ஸ் காரை விட்டுவிட்டுப் போக வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். கம்பெனியின் மேலிடமோ எரிபொருளை மிச்சம் பிடிக்காத வண்டிக்கு அனுமதி இல்லை என்றது. இரண்டு பிடிவாதங்களுக்கும் பிறந்த பிள்ளை இந்த ஹைபிரிட்.

இதில் ஒரு பெட்ரோல் எஞ்சின், இரண்டு மின் மோட்டார். ஊருக்குள் போகும்போது சக்கரத்தைச் சுற்றுவது மோட்டார்தான். எஞ்சின் பாவம், ஓரமாக நின்று மின்சாரம் தயாரித்துக் கொடுக்கும். நெடுஞ்சாலையில் வேகம் பிடித்த பிறகுதான் அது நேரடியாகச் சக்கரத்தோடு சேரும். எல்லாம் கெட்டிக்கார ஏற்பாடுதான். ஆனால் ஸ்போர்ட்ஸ் கார் வாங்குகிறவன் கெட்டிக்காரனாக இருக்கவா வாங்குகிறான்? மிதித்தால் உறும வேண்டாமா? கியர் மாறும்போது முதுகில் ஒரு தட்டுத் தட்ட வேண்டாமா? இந்த வண்டியிலோ கியர் என்பதே கிடையாது. மிதித்தால் வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் சத்தமில்லாமல் போகிறது. முதல் மாதிரியை ஓட்டிப் பார்த்த இயக்குநர், லிப்டில் போய்வந்த மாதிரி இருக்கிறது என்று முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டார்.

அதன்பின் எல்லோருமாகச் சேர்ந்து இல்லாததை எல்லாம் உண்டாக்கினார்கள். வேகம் ஏறும்போது மோட்டாரை ஒரு கணம் தளர்த்தி மறுபடி இழுக்க வைத்து, இல்லாத கியர் மாறுவதுபோல் ஒரு தட்டை உண்டாக்கினார்கள். உறுமலை ஸ்பீக்கர் வழியாக விடுவது என்று முடிவாயிற்று. உறுமலை வடிக்கிற பொறுப்பு காது சாருக்கு. காலமெல்லாம் வண்டிகளிலிருந்து சத்தத்தைப் பிடுங்கி எறிந்துகொண்டிருந்தவரிடம், கொஞ்சம் சத்தம் கொண்டுவாருங்கள் என்றார்கள். அவர் கொஞ்சம் முறுக்கிக்கொண்டார், பிறகு இறங்கிவிட்டார். உண்மையைச் சொன்னால் அவருக்கு அது ஆசுவாசமாகக்கூட இருந்தது. உறுமல் அடித்தொண்டைச் சத்தம். அது அவருக்கு நன்றாகக் கேட்கும்.

பிரச்சினை இன்வெர்ட்டரில் இருந்தது. பேட்டரியின் மின்சாரத்தை மோட்டாருக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்கிற பெட்டி அது. வெளியிலிருந்து ஒரு சிறிய கம்பெனி செய்து கொடுத்தது. வண்டியை மிதிக்க மிதிக்க அந்தப் பெட்டி மெல்லிய விசில் ஒன்றை அடித்தது. ஊசி நுனிபோல் கூரான சத்தம். உறுமலுக்கு மேலே தனியாக நின்று கேட்டது. காரில் ஏறிய எல்லோருக்கும் கேட்டது, காது சாரைத் தவிர.

அவருக்கு உதவியாக ஒரு பெண் பொறியாளர் இருந்தாள். அவளைச் சின்னக் காது என்பார்கள். கல்யாணமாகி ஒரு குழந்தைக்குத் தாய், வேலையில் புலி. விசிலைக் கேட்டதுமே இது பழுது என்று முடிவு கட்டி, அதற்கு எதிரான சத்தம் ஒன்றை ஸ்பீக்கரில் விட்டு அமுக்கிவிடுகிற ஏற்பாட்டைத் தானாகவே செய்து முடித்துவிட்டாள். அதைச் சேர்த்துவிடலாமா என்று கேட்பதற்காக, ஒரு சுற்று முடிந்து அவர் கண்ணை மூடியபடி இருந்த நேரத்தில் மெதுவாக ஆரம்பித்தாள்.

“சார், அந்த விசில்…”

அதற்குமேல் அவள் தாழ்ந்த குரலில் சொன்னது அவருக்கு எட்டவில்லை. காது சாருக்குப் பகீரென்றது. எந்த விசில்? எந்த விசில் என்று கேட்டுவிட்டால் அந்த இடத்திலேயே கதை முடிந்தது. திரையைப் பார்த்தால் கோடாகத் தெரிந்துவிடும். ஆனால் திரைமேல் துண்டு கிடந்தது. போட்டவர் அவர்; எடுத்துப் பார்த்தால் அவர் சட்டத்தை அவரே மீறினதாக ஆகும். கண்ணைத் திறக்காமலே நிதானமாகச் சொன்னார்.

“அது இருக்கட்டும்மா.”

அவள் திகைத்துப் போனாள். ஒரு பழுதை இருக்கட்டும் என்று இந்த மனிதர் சொல்லிக் கேட்டதே இல்லை. அப்படியென்றால் தனக்குப் பிடிபடாத ஏதோ ஒன்று அவருக்குப் பிடிபட்டிருக்கிறது என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டு, பாடுபட்டுச் செய்த ஏற்பாட்டை ஓரங்கட்டினாள். மற்றவர்கள் கேட்டபோது சார் வேண்டுமென்றேதான் விட்டு வைத்திருக்கிறார் என்றாள். ஏன் என்பதற்கு ஆளுக்கொரு விளக்கம் கிடைத்தது. உறுமல் எஞ்சினின் குரல், விசில் மின்சாரத்தின் குரல், இரண்டும் சேர்ந்தால்தான் ஹைபிரிட் என்று ஒருவர் கண்டுபிடித்தார். அந்த வாரமே அது காது சார் சொன்னதாகி, அவர் காதுக்கே திரும்பி வந்தது. அவர் வழக்கம்போல் தலையாட்டினார்.

பத்திரிகைக்காரர்களை அழைத்து வண்டியை ஓட்டக் கொடுத்த நாளில் விஷயம் கைமீறிப் போயிற்று. கார்களைப் பிய்த்து உதறுவதற்குப் பேர்போன ஒரு விமர்சகர், இறங்கியதும் வேறெதையும் பற்றிப் பேசவில்லை. அந்த விசில்தான் வண்டியின் உயிர் என்றார். ஜெட் விமானம் கிளம்புவதுபோல் முதுகுத்தண்டு சிலிர்க்கிறது என்றார். பக்கத்தில் நின்ற இயக்குநர் அப்படியே பூரித்துப் போய்க் காது சாரைக் கட்டிக்கொண்டார். விளம்பரத்தில் விசில் ஏறியது. ‘கேட்டால் திரும்புவீர்கள்’ என்று எழுதி, பக்கத்தில் ஒரு காதைப் படமாகப் போட்டார்கள். காதைப் படம் பிடிக்க மாடலாக வந்து உட்கார்ந்தவரும் காது சார்தான். வேறு யாருடைய காதுக்கு அந்தத் தகுதி இருக்கிறது என்று இயக்குநர் கேட்டுவிட்டார்.

பயிற்சிக்கு வந்த புதிய பொறியாளர்களிடம் அந்த விசிலைப் பற்றி அவரைப் பேசவும் சொன்னார்கள். தன் வாழ்நாளில் கேட்டிராத ஒரு சத்தத்தைப் பற்றி அவர் வெகுநேரம் பேசினார். அதன் கூர்மையைச் சொன்னார், அடக்கத்தைச் சொன்னார், எந்த இடத்தில் எழுந்து எந்த இடத்தில் கரைய வேண்டும் என்று கையை அசைத்துக் காட்டினார். பேசப் பேச அவருக்கே ஏதோ கேட்பது மாதிரி இருந்தது. கைதட்டினார்கள். அந்தக் கைதட்டல் நன்றாகக் கேட்டது.

அவருடைய மனைவி பல் டாக்டர். நாளெல்லாம் அடுத்தவர் வாயைப் பார்த்துக்கொண்டிருப்பவள். வீட்டில் வாய் திறந்தால் கேட்பதற்கு ஆள் இல்லை என்பது அவளுடைய வெகுநாள் குறை. சமையலறையிலிருந்து ஏதாவது சொன்னால் புருஷன் பதிலே சொல்லமாட்டான். எதிரே நின்று சொன்னால் தலையாட்டுவான், சொன்ன காரியம் நடக்காது. பெரிய மனுஷனாகிவிட்டதால் தன்னை மதிக்கவில்லை என்று அவள் முடிவுகட்டி, பேச்சைக் குறைத்துக்கொண்டிருந்தாள். ஒரு விடுமுறை நாளில் அவர் சோதனை வண்டியை வீட்டுக்குக் கொண்டுவந்து, ஒரு சுற்று போகலாம் வா என்று அவளைக் கூப்பிட்டார். ஊரே புகழ்கிற சத்தத்தை அவளும் ஒருதரம் கேட்கட்டும் என்ற சின்ன ஆசை.

வண்டி தெரு முனையைத் திரும்பி வேகம் எடுத்தது. அவள் தாடையைப் பிடித்துக்கொண்டாள்.

“ஐயோ, நிறுத்துங்க. இது என் மெஷின் சத்தம். நாள் பூரா பல்லு ராவிட்டு வந்து, உங்க கார்லயும் அதையே கேக்கணுமா?”

அவர் சிரித்துக்கொண்டே, அது உறுமல், பல் ராவுகிற மெஷின் எங்கேயாவது உறுமுமா என்றார். அவள் உறுமலைச் சொல்லவில்லை என்றாள். அதற்கு மேலே கேட்கிறதே, கீய்ய் என்று, அதைச் சொன்னேன் என்றாள். சொல்லிவிட்டு அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் யோசிப்பதுபோல் முகத்தை வைத்துக்கொண்டு தலையாட்டினார். எத்தனையோ தடவை பார்த்த தலையாட்டல்தான். ஆனால் இந்த முறை அவள் டாக்டராகப் பார்த்தாள்.

வண்டியை ஓரங்கட்டச் சொன்னாள். உங்களுக்கு இது கேட்கவில்லை, இல்லையா என்று கேட்டாள். அவர் ஸ்டீரிங்கைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு எல்லாவற்றையும் சொல்லிவிட்டார், மறுகோடி டாக்டரையும் பரிசோதனைத் தோளையும் உட்பட. அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“நீங்க என்னை மதிக்கலன்னு நெனச்சு எத்தன நாள் அழுதிருக்கேன் தெரியுமா? கேக்கலன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?”

ஊரிலேயே உயர்ந்த காது என்று பெயர் வாங்கி வைத்துக்கொண்டு, கட்டின மனைவியின் பேச்சைக் கேட்காமல் அவளை அழவிட்டிருக்கிறோமே என்று வெட்கமாக இருந்தது. நாளைக்கே கம்பெனியில் சொல்லிவிடுங்கள் என்றாள். வண்டி வெளியே போகட்டும், இறுதி ஓட்டம் ஒன்றுதான் பாக்கி, அது முடிந்ததும் சொல்லிவிடுகிறேன் என்றார். அவள் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் வற்புறுத்தவும் இல்லை.

இதற்கிடையில் இன்வெர்ட்டர் செய்கிற சின்னக் கம்பெனிக்காரர்கள் அந்த விளம்பரத்தைப் பார்த்துவிட்டார்கள். தங்கள் பெட்டி விசில் அடிக்கிறது என்று ஊர் பூராவும் தட்டி வைத்திருக்கிறார்களே என்று அவர்களுக்கு மானம் போயிற்று. இரவு பகலாக உட்கார்ந்து பெட்டியைத் திருத்தி, துளிச் சத்தம் வராதபடி செய்து, விற்பனைக்குப் போகும் வண்டிகளுக்குப் புதிய பெட்டியையே அனுப்பிவைத்தார்கள். குறை நீங்கியது, பொறுத்துக்கொண்டதற்கு நன்றி என்று பணிவாக ஒரு வார்த்தையும் சேர்த்திருந்தார்கள்.

புதிய பெட்டியை மாட்டி ஓட்டியதுமே சின்னக் காது கண்டுகொண்டாள். விசில் போய்விட்டது. மதியம் கேண்டீனில் தட்டும் கரண்டியும் மோதிக்கொள்கிற இரைச்சலில் காது சாரின் பக்கத்தில் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னாள். அவர் சாப்பிட்டுக்கொண்டே கேட்டார், அதாவது தலையாட்டினார். பார்த்துக்கொள்ளலாம் என்றும் சொன்னார். அவளுக்கு நிம்மதியாயிற்று. இறுதி ஓட்டத்தில் ‘இல்லை’ என்று சொல்லி வண்டியைத் திருப்பி அனுப்பப் போகிறார் என்று நினைத்துக்கொண்டாள். வேறென்ன நினைக்க முடியும்?

இறுதி ஓட்டத்தை இயக்குநரே ஓட்டினார். பக்கத்தில் காது சார். கைப்பை உட்கார வேண்டிய பின் இருக்கையில் சின்னக் காது, முழங்கால் மோவாயைத் தொட, மடியில் கணினியோடு மடங்கிக் கிடந்தாள். காது சார் தன் கையாலேயே திரைமேல் துண்டைப் போர்த்தினார், முன்னால் திரும்பிக் கண்ணை மூடிக்கொண்டார். இயக்குநர் மிதித்தார். இல்லாத கியர்கள் ஒவ்வொன்றாக மாறின. உறுமல் எழுந்தது, அவர் வடித்த உறுமல், அருமையான உறுமல். மனைவியிடம் கொடுத்த வாக்கு நினைவுக்கு வந்தது. இன்னும் ஒரே ஒரு வார்த்தைதான் பாக்கி என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

தடத்தின் முனையில் வண்டி நின்றது. இயக்குநர் ஆவலாக அவர் பக்கம் திரும்பினார்.

“சரி. விசில் முன்னைவிட ஒரு படி நல்லாவே வந்திருக்கு,” என்றார் காது சார்.

இயக்குநர் முகம் மலர்ந்தது. தானும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்ததாகச் சொன்னார். முன்பு கொஞ்சம் கூச்சப்பட்டுக்கொண்டு வந்தது, இன்றைக்குத்தான் துணிச்சலாக வெளியே வருகிறது, கடைசி வளைவில் உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது என்றார்.

‘சரி’யோ ‘இல்லை’யோ சொல்லி முடித்ததும் துண்டை எடுப்பதும் காது சாரின் வழக்கம்தான். பின்னால் திரும்பிக் கையை நீட்டினார். சின்னக் காது துண்டைக் கொடுக்கவில்லை. இரண்டு கையாலும் அதைத் திரையோடு சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள், காற்றில் பறந்துவிடப் போகிறது என்பதுபோல். ஜன்னல்கள் எல்லாம் மூடித்தான் இருந்தன. அவள் அவரைப் பார்த்தாள். பார்வையில் கேலி இல்லை. கேலியாக இருந்திருந்தால் அவர் தாங்கியிருப்பார். அவருடைய மானம் அந்தத் துண்டுக்கு அடியில் இருப்பதுபோலவும், தன் கையை எடுத்தால் அது இயக்குநர் கண்ணில் பட்டுவிடும் என்பதுபோலவும் அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவருக்குப் புரிந்துவிட்டது. கை நீட்டியபடியே நின்றது.

“விசில் இருக்காம்மா?” என்று கேட்டார்.

அவள் இயக்குநரைப் பார்த்தாள். காது சாரைப் பார்த்தாள்.

“நீங்க சொன்னா இருக்கு சார்.”

இதைவிட அவள் அவர் கன்னத்தில் ஓர் அறை அறைந்திருக்கலாம். வேலையில் புலியாக வந்தவளை, கேட்கிற காதை வைத்துக்கொண்டு கேட்காததைக் கேட்டதாகச் சொல்கிற ஆளாக ஆக்கியிருக்கிறோமே என்று நெஞ்சு வலித்தது. உதிரிபாகக் கிடங்கு நினைவுக்கு வந்தது. இப்போது அதன்மேல் அவ்வளவு பயம் இல்லை. அவர் துண்டை மெதுவாக அவள் விரல்களிலிருந்து விடுவித்து எடுத்தார். திரையில் உறுமலின் கோடுகள் தடித்துக் கிடந்தன. மேலே, விசில் இருக்க வேண்டிய இடம் வெறிச்சோடியிருந்தது.

அவர் இயக்குநரிடம் நேராகச் சொன்னார். எனக்கு மெல்லிய சத்தம் எதுவும் கேட்பதில்லை, வெகுகாலமாகவே கேட்பதில்லை. அன்றைக்கு விசில் இருந்ததும் தெரியாது, இன்றைக்கு இல்லாததும் தெரியாது.

இயக்குநர் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. திரையை எட்டிப் பார்த்தார், சின்னக் காதைப் பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். ஓய்வு பெறும் வயதை எப்போதோ தாண்டி, இந்த வண்டிக்காகவே நாற்காலியைப் பிடித்துக்கொண்டிருந்த மனிதர் அவர். முகம் கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்தது.

“அப்போ நான் எதைக் கேட்டேன்?”

“நான் சொன்னதை, சார்,” என்றார் காது சார்.

பிறகு இயக்குநர் தொண்டையைச் செருமிக்கொண்டு, எந்த டாக்டரிடம் காட்டினீர்கள் என்று கேட்டார். காது சார் தெருவின் பெயரைச் சொன்னார். தெரிந்தவர்கள் யாரும் வராத இடம்தானே என்று இயக்குநர் விசாரித்துக்கொண்டார்.

காது சார் கதவைத் திறந்து இறங்கினார். சின்னக் காதை முன்னால் வந்து உட்காரச் சொன்னார். அவள் தயங்கினாள். வாம்மா, உன் இடம் இது என்றார். அவள் இறங்கி முன்னால் போனதும், தன் பருத்த உடம்பைத் தலை முதலில், தோள் அடுத்து, கால் கடைசியில் என்று தவணை முறையில் பின் இருக்கைக்குள் ஏற்றினார். கூரை அவர் கழுத்தை வளைத்தது. ஒரு மனிதன் உட்கார்வதற்கு இதை வடிவமைத்தவனைக் கண்டால் நாலு கேள்வி கேட்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டார்.

மறுபடி ஒரு சுற்று. இயக்குநர் ஓட்டினார். சின்னக் காது கண்ணை மூடிக்கொண்டாள். துண்டு கிடையாது, கணினி காது சாரின் மடியில் திறந்தே இருந்தது, ஆனால் அவர் அதைப் பார்க்கவில்லை. அவள் பின்னந்தலையையே பார்த்துக்கொண்டிருந்தார். வண்டி நின்றது. ‘இல்லை’ என்று சொல்லப் போகிறாள், விளம்பரம் போன வண்டி திரும்பப் போகும், எல்லாம் தன்னால்தான் என்று காத்திருந்தார்.

“சரி,” என்றாள் அவள்.

இயக்குநர் பதறிப்போய், விசில் இல்லாமல் எப்படிச் சரி என்று கேட்டார். அவள் கண்ணைத் திறந்து, நிதானமாக, திரும்பிப் பார்த்து அவர்கள் இருவருக்கும் சேர்த்துச் சொன்னாள். அது மொதல்லேர்ந்தே பழுதுதான் சார். இப்பதான் வண்டி சரியா இருக்கு.

பின் இருக்கையில் காது சார் முழங்கால்களை மடக்கிக்கொண்டு முன்னால் குனிந்தார்.

“அன்னிக்கே இதைச் சொல்லியிருக்கலாமேம்மா.”

அவள் முன்பக்கம் திரும்பிக்கொண்டு ஏதோ சொன்னாள். குரல் தாழ்ந்திருந்தது. அவருக்கு ஒன்றும் எட்டவில்லை. “எனக்குக் கேக்கலம்மா. கொஞ்சம் சத்தமாச் சொல்லு,” என்றார்.

அவள் இருக்கையில் முழுதாகத் திரும்பி, அவர் முகத்துக்கு நேராக, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள்.

“சொன்னேன் சார். அன்னிக்கே சொன்னேன்.”

இந்த முறை அவருக்கு நன்றாகக் கேட்டது.